செலக்‌ஷன் பாயும் என் இடது பூட்ஸும்

உலகத்தில் உள்ள சகலமும் ஆறு ரகத்துக்குள் அடங்கிவிடும் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் செலக்‌ஷன் பாய்தான். மலையோ, மனிதனோ, மசால் வடையோ, எதுவானாலும் ஒன்றிலிருந்து ஆறுக்குள் ஓர் எண். ஆறுக்கும் கீழே போனால் ரிஜெக்ட். அப்படி ரிஜெக்ட் ஆனவர்களில் எங்கள் கம்பெனியின் ஜெனரல் மானேஜர்கள் இரண்டு பேர் உண்டு. அந்தச் செய்தி அவர்களுக்குக் கடைசிவரை போய்ச் சேரவில்லை.

ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ செய்யும் கம்பெனி எங்களுடையது. பதனிட்ட தோல் உள்ளே வந்ததும் வடக்கு ஜன்னல் ஓரத்தில் கிடக்கும் நீள மேஜைக்குப் போகும். அங்கே தோலை ரகம் பிரிக்கும் செலக்‌ஷன் வேலைக்கு பாய் நிற்பார். தோலைத் தடவுவார், மடிப்பார், மடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார். விழுந்த சுருக்கம் எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தால் "லூசு" என்பார். பிறகு தோலைத் திருப்பிப் போட்டு, நீல நிற மெழுகு சாக்பீஸால் எண் எழுதுவார். லூசு என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ‘லூ’. ஷூவாகி வெளியே போகும்போது கண்ணில் படக் கூடாது என்பதால் மார்க் எப்போதும் உள்பக்கம்தான்.

"லூசுன்னா நாலுக்கு மேல ஏறாதுபா. அவன் யாரு ஊட்டு தோலா இருந்தாலும் சரி" என்பது அவருடைய சட்டம். முதலாளியே மேஜைக்கு வந்து கெஞ்சியும் ஒரு லூசு தோல் நாலைத் தாண்டியதில்லை.

மேஜையை விட்டு வந்தாலும் விரல் சும்மா இருக்காது. ஹோட்டலில் தோசையை மடித்து, கட்டைவிரலால் அழுத்தி, சர்வரைக் கூப்பிட்டு "லூசு" என்பார். "பாய், அது ரவா தோசை" என்று சர்வர் வருடக் கணக்காகச் சொல்லிப் பார்த்தான். தன் சொந்த மகளின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் கையைக் குலுக்குகிற சாக்கில் புறங்கையை அழுத்திவிட்டு, கூடியிருந்தவர்கள் காதுபட "ரெண்டு" என்றார். பிறகு முகத்தைப் பார்த்து, "வருத்தப்படாத மாப்ள, ஒண்ணுலாம் இப்ப எங்க கெடைக்குது" என்றார். மாப்பிள்ளை துபாய்க்கு விமானம் ஏறும்வரை இரண்டு கைகளையும் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார்.

நான் அதே கம்பெனியில் டாக்குமெண்ட் செக்‌ஷன். இருபத்திரண்டு வருடமாகத் தோல் தொழிலில் இருக்கிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் தோலைத் தொட்டதில்லை, தோல் என்று அடித்த காகிதத்தைத்தான் தொட்டிருக்கிறேன். பாய் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டாக்குமெண்ட்டு" என்பார். வேலைக்குச் சேர்ந்த அன்று என் முழங்கையைப் பிடித்து அழுத்திவிட்டு, "நாலு. லூசு" என்றார். இரண்டாவது வார்த்தையை நான் தொழில்சொல்லாக எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு மெயில் வந்தது. மலையேறுகிறவர்கள் போடும் பூட்ஸ் ஒரு லாட் அனுப்பியிருந்தோம். அதில் ஒரு ஜோடி, விரல் மடங்குகிற இடத்தில் வெடித்துவிட்டதாம். போட்டோவும் இருந்தது. முதல் ரகம் என்று சொல்லி லூசான தோலைப் போட்டுவிட்டீர்கள் என்று எழுதியிருந்தார்கள். நான்தான் அந்த போட்டோவைப் பிரிண்ட் எடுத்து, மெயிலைத் தமிழில் சொன்னேன். கலர் பிரிண்டுக்கு இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதால் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். இந்த விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் மானத்தை வாங்கப்போவதில் இதுவும் ஒன்று.

பாய் பிரிண்டை வடக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவினார். காகிதம் என்ன சொல்லும்?

"நான் ஒண்ணுன்னு போட்ட தோலு வெடிக்குமா?"

"தெரியல பாய். அவன் அப்படித்தான் எழுதியிருக்கான்."

"அவன் எழுதுவான். நீ டைப் அடிப்ப. தோலத் தொட்டவன் ஒருத்தன் சொல்லட்டும்."

சட்டைப் பையிலிருந்து நீல சாக்பீஸை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். "இது உங்கிட்ட இருக்கட்டும். அதே லாட்டுல மூணு ஜோடி சாம்பிள் நம்மகிட்ட கீது. ஞாயித்துக்கிழமை மாட்டிகினு மலையில நடந்து பாக்கறேன். ஒரு ஜோடி வெடிச்சாலும் இத நான் திருப்பிக் கேக்க மாட்டேன். மேஜைக்கு வேற ஆளப் பாத்துக்கட்டும்."

முப்பது வருடமாக அந்த மேஜையில் நின்றவர் அவர். சாக்பீஸை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைக்க வசதியாக இருந்தது. ஆனால் பாய் விளையாட்டுக்குக்கூட ஒரு தோசையை மன்னித்தவர் இல்லை.

மூன்று ஜோடி என்றால் ஆறு கால் வேண்டும். லேபில் தோலை இழுத்தும் கிழித்தும் சோதனை செய்யும் ஸ்டெல்லாக்கா தானாக முன்வந்தார். ஐம்பது வயது, எதற்கும் பதறாதவர். மூன்றாவதாக நான். காலேஜ் காலத்தில் ஏலகிரியைக் குறுக்கு வழியாக ஏறினேன் என்று கேன்டீனில் பல வருடங்களாக அளந்து வைத்திருந்தேன். அந்தப் பொய் இப்போது எட்டாம் நம்பர் பூட்ஸாக என் முன்னால் வந்து நின்றது. சாம்பிள் எப்போதும் ஒரே அளவில்தான் செய்வார்கள். எனக்கு ஒன்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் வைத்து அதைக் கொஞ்சம் இளக்கிக்கொண்டேன். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மிச்சக் கட்டுரைக்கு எனக்கு மரியாதை இருக்காது.

பேரணாம்பட்டைத் தாண்டி, ஆந்திர எல்லைப் பக்கத்து மலையிலிருந்து ஒரு கானாறு இறங்குகிறது. ஸ்டெல்லாக்கா வனத்துறையில் முறையாக அனுமதி வாங்கி வந்தார். கடைசி பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் ஆடு மேய்க்கிறவர்கள் போட்ட நல்ல பாதை ஒன்று தெரிந்தது. எனக்கு மலையின் மேல் அன்பு பிறந்தது. பாய் அதைப் பார்த்துவிட்டு, "பாதையில நடக்க செருப்பு போதும். பூட்ஸு எதுக்கு?" என்று சொல்லி நேராகக் கானாற்றுக்குள் இறங்கினார்.

உள்ளே பாதை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆட்டோ அளவில் ஒரு கல், அதன்மேல் மினி பஸ் அளவில் இன்னொரு கல், இரண்டுக்கும் நடுவே தண்ணீர். இரு பக்கமும் முள்ளு. போகப் போகக் கரைகள் உயர்ந்து சுவராக மாறின. வானம் ஒரு பெல்ட் அகலத்துக்குக் குறைந்தது. பாய் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையால் தட்டி, காலால் அமுக்கி, "பாஸு", "பாஸு" என்று சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் பின்னாலேயே கால் வைத்தோம். ஒரு இடத்தில் திரும்பி, என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "லூசு!" என்றார்.

இருபத்திரண்டு வருட ரோஷம் எனக்கு அந்த இடத்தில்தானா வர வேண்டும்?

"யாரப் பாத்து லூசுன்ற பாய்? வீட்ல சொன்னாங்க, ஆபீஸ்ல சொன்னாங்க, காட்டுக்கு வந்தும்..." என்று சொல்லிக்கொண்டே ஓரடி முன்னால் வைத்தேன். கல் புரண்டது. அவர் லூசு என்றது அதை. மார்பளவு மடுவில் முழுதாக முங்கி எழுந்தேன். வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிவிட்டுப் பார்த்தால், ஸ்டெல்லாக்கா பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பாய் கவலையோடு குனிந்தார். "பூட்ஸு நனைஞ்சிச்சா?"

"நான் நனைஞ்சேன் பாய்."

"நீ காய்ஞ்சுடுவ. பூட்ஸு நல்லா ஊறட்டும். டெஸ்ட்டுக்கு அதான் கரெக்ட்டு."

இன்னும் ஒரு மணி நேரம் போனோம். அங்கே கானாறு இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு சந்தாகச் சுருங்கியது. முடிவில் ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. அதன் ஓரமாகத் தண்ணீர் வழிகிறது. ஏறினால்தான் மேலே. ஸ்டெல்லாக்கா புடவை கட்டாமல் சுடிதாரில் வந்ததன் காரணம் அப்போது புரிந்தது. மாடிப்படி ஏறுவது போல ஏறிப்போய், மேலே உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அடுத்து நான். பாதி உயரத்தில் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது: மேலே போகவும் தெரியவில்லை, கீழே வரவும் தெரியவில்லை. இரண்டு கையும் ஒரு வெடிப்புக்குள். வலது பூட்ஸின் நுனி பாறையின் ஒரு சின்னப் புடைப்பில். இடது கால் எங்கே இருக்கிறது என்ற தகவலே எனக்கு வந்து சேரவில்லை. ஊரில் உள்ள எல்லாக் கோயிலையும், அதற்கடுத்து மசூதியையும், மேலே ஸ்டெல்லாக்கா இருந்ததால் மாதா கோயிலையும் வரிசையாகக் கூப்பிட்டேன்.

கீழே இருந்து பாயின் குரல் வந்தது, பரவசத்தோடு. "அசையாத டாக்குமெண்ட்டு! அப்படியே இரு! இந்த வளைவுதான் வேணும்!"

"பாய், நான் விழப்போறேன்!"

"வுழு, ஆனா ஒரு நிமிஷம் கயிச்சு வுழு. விரலாண்ட முழுசா மடங்கியிருக்குது பாரு, மிஷின்ல போட்டாக்கூட இப்படி மடங்காது." என் வலது பூட்ஸை இரண்டு கைகளாலும் பிடித்து, மடங்கிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். நான் உயிருக்குத் தொங்குகிறேன், அவர் ரசித்துத் தடவுகிறார். "ஒண்ணு. அப்பட்டமான ஒண்ணு. இப்ப இடது காலக் காட்டு."

"அது எங்கன்னு நீங்களே தேடிக்கோங்க பாய்!"

மேலேயிருந்து ஸ்டெல்லாக்கா, "தம்பி, எலுமிச்சம் சாதம் கட்டியிருக்கேன். வந்தா சாப்டலாம்" என்றார். பயத்தைப் பசி ஜெயித்ததா, பாய் கீழிருந்து கொடுத்த தள்ளு ஜெயித்ததா தெரியாது. நான் மேலே கிடந்தேன்.

பாறை உச்சியில் முழங்கால் அளவுக்கு ஒரு குட்டை. ஈரச் சட்டையைக் கழற்றிப் பாறைமேல் விரித்தேன். அப்போதுதான் இடது பூட்ஸைப் பார்த்தேன். விரல் மடங்குகிற இடத்தில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வெடித்திருந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் சாக்ஸ் எட்டிப் பார்த்தது.

பாய் அப்போதுதான் பாறையில் ஏறிக்கொண்டிருந்தார். முதலில் தொப்பி தெரிந்தது, பிறகு தாடி தெரிந்தது. மலைக்கும் எடுத்துவந்து சட்டைப் பையில் வைத்திருந்த சாக்பீஸ் நினைவுக்கு வந்தது. நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கம் இருந்திருந்தால் அந்த மலைக்கே வந்திருக்க மாட்டேன். எழுந்து நேராகக் குட்டைக்குள் இறங்கி நின்றுகொண்டேன்.

"வா, சாப்புடு" என்றார் பாய்.

"நீங்க சாப்டுங்க பாய். தண்ணி சில்லுனு இருக்கு."

"கால் மணி முன்னாடி செத்துட்டேன்னு கத்துன?"

"அது அப்போ. இப்ப பழகிடுச்சு."

தட்டை வாங்கித் தண்ணீரில் நின்றபடியே எலுமிச்சம் சாதம் சாப்பிட்டேன். சின்னச் சின்ன மீன்கள் வெடிப்பு வழியாக பூட்ஸுக்குள் போய் என் விரலைக் கொத்தின. எனக்கு மீன் என்றால் குழம்பில்கூடப் பயம். முகத்தில் ஓர் இயற்கை ரசிகனின் புன்னகையை ஒட்டவைத்துக்கொண்டேன். அந்தப் புன்னகையோடு ஊர்வரை தண்ணீரிலேயே நடந்து போய்விடலாம் என்பது என் திட்டம்.

பாய் தன் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தார். ஸ்டெல்லாக்காவுடையதை வாங்கிப் பார்த்தார். இரண்டும் முதல் ரகம். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"டாக்குமெண்ட்டு, மேல வா."

"இல்ல பாய்..."

"வாய்யான்றேன்ல."

ஏறினேன். அவர் மண்டியிட்டு என் இடது காலைப் பிடித்தார். வெடிப்பில் கட்டைவிரலை வைத்தார். எதற்கும் ஓர் எண் சொல்லும் வாய் எதுவும் சொல்லவில்லை.

"சரிதான்" என்றார் கடைசியில். "அவன் சரியாத்தான் எழுதியிருக்கான். சாக்பீஸு உங்கிட்டயே இருக்கட்டும்."

பாறையில் தொங்கியபோது வந்த பயம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. "பாய், ஒரு பூட்ஸுக்குப் போய்... மிச்ச அஞ்சும் நல்லாத்தானே இருக்கு" என்று ஏதோ உளறினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பூட்ஸை என் காலிலிருந்து உருவி, வடக்கு எது என்று பார்த்து, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வெடிப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பொருபொருவென்று உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"இது இன்னா வாசனை?"

"மீனா இருக்கும் பாய்."

"மீனு இல்ல. கருகல். இத எங்க வெச்ச?"

வாசகர்களே, மரியாதை போகிற இடம் வந்துவிட்டது.

"டைட்டா இருந்துச்சு பாய். தண்ணில ஊறவெச்சா இளகும்னு போன்ல ஒரு வீடியோ பாத்தேன். ஊறவெச்சேன். அப்புறம் காயல. அதனால..."

"அதனால?"

"அடுப்புல தோசைக்கல்லப் போட்டு, அதுமேல வெச்சேன்."

ஸ்டெல்லாக்கா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"சிம்லதான் வெச்சேன் பாய்" என்றேன். "இடது முடிஞ்சதும் வலது வைக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள என் வீட்டுக்காரி வந்து அடுப்ப அணைச்சுட்டா."

"யா அல்லா!" பாயின் குரல் இரண்டு சுவர்களிலும் மோதித் திரும்பி வந்தது. "ஈரத் தோலு! நெருப்புல! தோல் கம்பெனியில கூட்டுறவங்களுக்குக்கூடத் தெரியுமேய்யா! தோலுக்கு இன்னாய்யா சிம்மு, ஹையி?"

"சூட்டுல தோல் சுருங்கிடும் தம்பி, அப்புறம் அப்பளம்தான். மடக்குனா வெடிக்கும்" என்று ஸ்டெல்லாக்கா விளக்க முயன்றார். பாதியிலேயே சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்பும் எதிரொலித்து, கானாறு முழுக்க நாலைந்து ஸ்டெல்லாக்காக்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த போட்டோ போன்ல கீதா?" என்றார். பிளாஸ்டிக் கவரில் இருந்து போனை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கலரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெரிதாக்கினார். வெடிப்பின் இரண்டு ஓரமும் சுருண்டு, காப்பிக் கொட்டை நிறத்தில் கருகியிருந்தன. என் பூட்ஸைப் பக்கத்தில் வைத்தார். அண்ணன் தம்பி போல இருந்தன.

வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அங்கயும் ஒரு டாக்குமெண்ட்டு கீறான்பா."

திரும்பும்போது என் இடது காலுக்குத் தன் இடது பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். வெடித்ததை அவர் மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்றேன். "நீ முயு பூட்ஸு போட்டே நேரா நடக்கல. பேஜார் பண்ணாம போடு" என்றார். அந்த மலையை முழுக்க, மஞ்சள் சாக்ஸ் இல்லாத தன் விரல்களை வெளியே விட்டபடி, ஒவ்வொரு கல்லையும் தட்டித் தட்டி, எனக்கு முன்னால் இறங்கினார். பாதி வழியில் இரண்டு முறை "லூசு" என்றார். இரண்டு முறையும் நான் நின்றுவிட்டேன். ஒரு முறை அது கல்லாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டைப் பையைத் தொட்டால் சாக்பீஸ் இல்லை. கானாற்றில் விட்டுவிட்டேன் என்று அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் மேஜைப் பக்கம் போனேன். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பாய் ஒரு தோலைத் திருப்பிப் போட்டு, நீல சாக்பீஸால் மூன்று என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"எப்ப எடுத்தீங்க பாய்?"

"உன் சட்ட பாறையில காயச்சொல்லோ" என்றார், தலையைத் தூக்காமல்.

வெளிநாட்டுக்கு இரண்டு போட்டோவையும் கலரிலேயே அனுப்பி, பூட்ஸை நெருப்பில் காட்டினீர்களா என்று பணிவாகக் கேட்டேன். கூடாரத்துக்கு வெளியே தீ மூட்டி, பக்கத்தில்தான் காயவைத்தாராம் வாங்கியவர். ரொம்பப் பக்கத்தில் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். அதாவது சிம்மில்.

புதன்கிழமை என் மனைவி துணி ஊறவைக்கும்போது கூப்பிட்டாள். மலைக்குப் போட்டுப்போன சட்டையை உள்பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். "இது இன்னாங்க நீலக் கறை?"

முதுகுப் பக்கம், உள்ளே, வெளியே தெரியாத இடத்தில், பாயின் கையெழுத்தில் ஒரு ‘1’. பக்கத்தில் ஒரு ‘லூ’.

ஒரு லூசு நாலைத் தாண்டியிருக்கிறது, முதலாளி கெஞ்சியும் நடக்காத காரியம் அது. பாயிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் ஒன்றை அழித்துவிடுவார் என்று பயம். அந்தச் சட்டை துவைக்காமல் பீரோவில் இருக்கிறது. என் கைக்கு வந்த எத்தனையோ ஆயிரம் டாக்குமெண்ட்டுகளில், நகல் எடுக்காமல் நான் பத்திரமாக வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.